ஏழாம் பெட்டி

முஹர்ரக்கில் ஒரு முத்து வியாபாரியின் வீடு
அடுத்த மாதம் முதல் ஹோட்டல்.
அறைக்குப் பன்னிரண்டு பிளக் பாயிண்ட்
என்கிறது வரைபடம்.
எங்கள் கேம்பில் எட்டுப் பேருக்கு ஒன்று.
அதற்குப் பக்கத்துக் கட்டில்
பதினோரு வருஷம் முடித்தவருக்கு.
எனக்கு இன்னும் நாலு பாக்கி.

சுவர் என்றதும் நீங்கள் நினைக்கிற சுவர் இல்லை.
கடலடியிலிருந்து வெட்டி எடுத்த பவளக்கல்,
அதன்மேல் ஜிப்சம் பூச்சு,
சில இடத்தில் விரற்கடை, சில இடத்தில் நாலு விரல்.
விரலை மடக்கித் தட்டிக்கொண்டே போனேன்.
இங்கே முற்றிய தேங்காய்,
இங்கே பலகை,
இங்கே வீட்டில் யாரும் இல்லை.

கிரைண்டர் கூடாது என்று
நான்கு மொழியில் ஒட்டியிருக்கிறார்கள்.
தமிழ் அதில் இல்லை.
எல்தோஸ் சார் படித்துச் சொன்னார்:
சுத்தியலும் மெதுவாக. முடிந்தால் சுரண்டு.
சுரண்டினேன்.
ஒரு பெட்டிக்கு வெட்டினால்
மூன்று பெட்டிக்கு உதிர்ந்தது.
வெள்ளை மாவு, மீசையில், டீயில்,
டெஸ்டரின் கண்ணாடிக்குள்கூட.

ஓரத்தை முதலில் பிளேடால் கீறு,
தண்ணீர் தெளி, சும்மா இரு,
பிறகு ஓரத்திலிருந்து உள்ளே வா.
இந்த வழியைக் கண்டுபிடித்தது சரஃபத்,
சில்ஹெட்காரன், வந்து ஆறு மாதம்.
எப்படித் தெரியும் என்று கேட்டேன்.
கேக் கடையில் இருந்தானாம்.

நாலாம் பெட்டியில் சிப்பி ஒன்று வந்தது.
முத்தில்லை.
பார்த்தோம்.

மட்டப்பலகையின் குமிழி நடுவில் நிற்கிறது,
சுவர் அதை நம்பவில்லை.
மட்டத்துக்கு வைத்தால் கண்ணுக்குக் கோணல்,
கண்ணுக்கு வைத்தால் மட்டத்துக்குக் கோணல்.
இன்ஸ்பெக்டர் எதைக் கொண்டுவருவார்?

ஏழாம் இடத்தில்
உளி இறங்கியதும் சத்தம் மாறியது.
பூச்சுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு குழி.
மரக்கட்டை, துணி சுற்றிய இரண்டு வயர்,
எர்த் இல்லை.
உயிர் இருக்கிறதா என்று பார்த்தேன்,
வழக்கப்படி மூன்று முறை.
இல்லை.

கட்டையை நெம்பி எடுத்தேன்.
பின்னால், இடது பக்கம் மட்டும்,
நாலாய் மடித்த சிகரெட் அட்டை.
அவனுக்கும் இந்தச் சுவர்
இடது பக்கம்தான் உள்வாங்கியிருக்கிறது.
அவனும் தள்ளி நின்று
ஒற்றைக்கண் மூடிப் பார்த்திருக்கிறான்,
வாய்க்குள் திட்டியிருக்கிறான்,
எந்த மொழியிலோ.
பித்தளைத் திருகு இரண்டின் கீறலும்
நேர் செங்குத்தாய் நின்றன.
அதை யார் பார்க்கப்போகிறார்கள்
என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

அட்டை உப்பைக் குடித்து உப்பியிருந்தது.
மறுபடி அட்டை வைப்பதா?
பர்ஸைத் துழாவினேன்.
சிம் கார்டை உடைத்தெடுத்த பிறகு மிஞ்சும்
அந்தப் பிளாஸ்டிக் சட்டம் கிடைத்தது.
சரியான கனம். உப்பு ஏறாது.
இரும்புப் பெட்டிக்குப் பின்னால்
இடது பக்கம் செருகினேன்,
ஓரத்தில் என் நம்பர் ஒட்டியிருப்பது
திருகை முறுக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.
இருக்கட்டும்.
இன்னும் அறுபது வருஷம் கழித்து எவனாவது
அழைத்துப் பார்க்கலாம்.
நான் எடுப்பேன் என்று தோன்றவில்லை.

குழைத்த ஜிப்சம் ஐந்து நிமிஷம்தான் தரும்.
அதற்குள் அடைத்து, வழித்து,
ஈரத் துணியால் ஒருமுறை,
விரலின் முதுகால் ஒருமுறை.
பூச்சு காய மூன்று நாள் விட்டோம்.
பிறகு மூன்று கண் சாக்கெட்டைப் பூட்டினேன்.
திருகின் கீறல்களை
செங்குத்தாய் நிறுத்திவிட்டு
நிமிர்ந்தபோது சரஃபத் பார்த்துக்கொண்டிருந்தான்,
ஒன்றும் கேட்கவில்லை.

பிரேக்கரைத் தூக்கினோம். விழவில்லை.
அளக்கும் மீட்டர் எல்தோஸ் சாரிடம்,
சார் மாடியில்.
சரஃபத் தன் சார்ஜரைச் செருகினான்.
இரண்டு சதவீதத்தில் இருந்த போன்
நடுங்கி விழித்தது.

இந்த ஹோட்டலின் முதல் விருந்தாளி
தரையில் குப்புறக் கிடக்கிறது.
மூன்று. நாலு.
படியில் செருப்புச் சத்தம்.
இன்னும் ஒன்று ஏறட்டும் என்கிறான்
சரஃபத்.